கை நனைக்காத வீடு

எழுபத்தெட்டாம் வருடம் கார்த்திகையில் சம்பந்தம் பேசப் போன அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் மொக்கையன், அவர் மனைவி இருளம்மாள், மாப்பிள்ளைப் பையன் சுருளிவேல், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அவன் அக்கா பொன்னுமணி. பெண் வீட்டுப் பக்கம் போடியிலிருந்து சோணையும் அவன் மனைவி வேலுத்தாயும். அவர்கள் மகள் சந்திரவல்லி, கல்யாணப் பெண், வரவில்லை. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு அவளுக்கு வந்த இடம் இது. இதுவும் போனால் என்ன செய்வதென்று சோணைக்குத் தெரியாது.

சோணைக்கு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில், பழத்தின் தோலை உரிக்கும் கொட்டகையில் சோலி. பழம் கழுவிய தண்ணீர் மூன்று குழிகளில் மாறிமாறித் தங்கி, சுண்ணாம்பில் தெளிந்த பிறகுதான் ஓடையில் இறங்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் மூன்று குழியும் ததும்பி நின்றன. சகதியை அள்ளி முடிப்பதற்குள் கடைசி ஜீப்பு போய்விடும். விடிந்தால் சம்பந்தப் பேச்சு. சோணை மடைப்பலகையை உருவிப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினான். தண்ணீர் கீழே எங்கோ போகும். எங்கே என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

மலையடிவாரத்தில் மொக்கையன் வீட்டுக் கொல்லையை ஒட்டி அதே ஓடை கறுத்து ஓடியது. வாசலிலேயே புளித்த வாடை சோணையின் மூக்கில் ஏறியது; அவன் கொட்டகைக் குழியின் வாடை.

"மொதல்ல தண்ணியக் குடிங்க," என்று இருளம்மாள் செம்பை நீட்டினாள்.

"முடிவாகட்டும் ஆத்தா, பெறகு கை நனைக்கிறோம்," என்றான் சோணை.

வழக்கம் அதுதான். பேச்சு முடியாமல் பெண் வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. சோணை அந்த வழக்கத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"நல்ல நாளும் அதுவுமா ஓடைய நாறடிச்சுட்டானுக," என்றார் மொக்கையன். "தொவைக்கிற கல்லுகிட்ட மீனெல்லாம் வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்குது. மேல எவனோ தொறந்து விட்டுட்டான். ஒங்க எஸ்டேட்டு இல்லையே?"

"நம்ம கொட்டகையில எல்லாம் சரியா இருக்கும் மச்சான்."

"மச்சானாம்ல! அப்பச் சோலி முடிஞ்சது," என்று பொன்னுமணி சிரித்தாள். சோணையும் சிரித்து வைத்தான்.

"அந்த ஓடத் தண்ணியத்தான் ரெண்டு தடவ துணியில வடிச்சுப் பானையில வச்சிருக்கேன். வேற தண்ணிக்கு எங்க போக?" என்றாள் இருளம்மாள்.

பொன்னுமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, அந்தப் பானையில் தம்ளரால் மொண்டு குடித்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் மொண்டாள். சோணை பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் சம்பந்தம் போய்விடும். அவன் திறக்கவில்லை.

பேச்சு முடிந்தது. தை மாதம் கல்யாணம். இருளம்மாள் மறுபடி செம்போடு வந்தாள். "இப்பக் கை நனைக்கலாமுல்ல?"

வேலுத்தாய் சந்தோஷமாக வாங்கி வாயருகே கொண்டுபோனாள். சோணையின் கை எட்டிப் போய்ச் செம்பைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர்.

பொன்னுமணி பாதி குடித்த தம்ளரோடு நின்றாள்.

"ஒம் பொண்டாட்டி குடிக்கக் கூடாது," என்றாள் இருளம்மாள், மெதுவாக. "எம் மக குடிக்கலாமா?"

"நேத்து... ஜீப்பு போயிருமேன்னு..." என்றான் சோணை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சுருளிவேல் எழுந்து அக்காவின் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கொல்லையில் கொட்டினான். சோணையின் பக்கம் திரும்பவே இல்லை.

"பஸ்சுக்கு நேரமாச்சு," என்றார் மொக்கையன். "கெளம்புங்க."

வேலுத்தாய் புருசனுக்காக நிற்காமல் முன்னால் நடந்துவிட்டாள். சோணை வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். பகலில் எப்போதும் திறந்து கிடக்கும் அந்தக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.