கண்ணாடி பார்த்து வரைந்த முகம்

அந்தக் குறுகிய ஒழுங்கையின் வீடுகளிலிருந்து இயக்கத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் எவரும் இறந்ததில்லை. எல்லோரும் வெளிநாட்டில் இருந்தார்கள். எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு அது. மிரியத்தின் அண்ணன் நதானியேலும் போர் முடிந்த வருடத்திலிருந்து கனடாவில் இருந்தான். ஆராதனையில் மரித்தோரை நினைவுகூரும்போதுகூடப் போதகர் அவன் பெயரை வாசிப்பதில்லை.

பருத்தித்துறைத் தேவாலய மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி என்றதும், சித்திர ஆசிரியையான மிரியம் அண்ணனைக் கரிக்கோலால் வரையத் துணிந்தாள். பார்த்து வரைய ஒரு புகைப்படமும் மிஞ்சியிருக்கவில்லை. இராணுவத்தின் சுற்றிவளைப்பு நாட்களில் தாய் பொன்மலர் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருந்தாள். ஆகவே கண்ணாடியின் முன் அமர்ந்து, அவனுக்கும் தனக்கும் பொதுவான புருவத்தையும் மூக்கையும் தன் முகத்திலிருந்தே எடுத்தாள். கீழே 'ஓர் இளைஞன்' என்று மட்டும் எழுதினாள். அதைக் கொண்டுபோக வேண்டாமென்று பொன்மலர் கெஞ்சினாள். மகனைக் கொடுத்தாயிற்று, மகளையும் விசாரணைக்குக் கொடுக்கத் தன்னால் முடியாது என்றாள்.

கண்காட்சியன்று முற்பகலில் சாதாரண உடையில் ஒருவர் வந்தார். அவர் புலனாய்வுப் பிரிவுக்காரர் என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்தது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அவசரமின்றி ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தவர், அந்த ஓவியத்தின் முன் நின்றார். பிறகு மிரியத்தைப் பார்த்தார். மறுபடி ஓவியத்தை.  தன் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இது யார், ரீச்சர்?"

"கற்பனை, சேர்."

"கற்பனைக்கு உங்கட மூக்கு எப்பிடி வந்தது?" அவர் சிரித்தார். "அண்ணாவா?"

"எனக்கு அண்ணை எண்டு ஒருத்தரும் இல்லை."

அதே கணத்தில், அவளைக் காப்பாற்றும் அவசரத்தில், பக்கத்து வீட்டுத் தேவராஜா குறுக்கிட்டார்: "இவவின்ரை தமையன் கனடாவிலை, சேர். அங்கை சரியான குளிராம்."

இரண்டு பொய்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. வந்தவரின் சிரிப்பு நின்றது. இல்லாத அண்ணன் கனடாவில் எப்படி இருக்கிறான் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். படத்தோடு அவள் தன்னுடன் வரவேண்டியிருக்கும் என்றார். 

மகளைத் தனியே விட மனமின்றிக் கூடவே வந்து, சுவரோர வாங்குப் பலகையில் அமர்ந்திருந்த பொன்மலர் எழுந்து வந்து, மகளுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் நின்றாள். பேசாமல் இருக்கும்படி தேவராஜா கண்ணைக் காட்டினார்.

"கனடாவும் இல்லை, கற்பனையும் இல்லை," என்றாள், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி. "உது என்ரை மகன் நதானியேல். இயக்கத்திலை இருந்தவன். முள்ளிவாய்க்காலிலை செத்துப்போனான்."