கரன்ட் இருக்கும்போதே

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அல்தாப் எழுந்தான். கை கால் முகம் கழுவி ஒளுச் செய்தான், தொழுதான். பால் காய்ச்சித் தேநீர் போட்டுக் குடித்தான். ஏழு மணிக்கு இஸ்திரிப் பெட்டியை மாட்டினான். ஆறு வயது மகள் ஆஃபீஃபாவின் பள்ளி உடுப்பு ஐந்து, தன் சட்டை ஐந்து. தேய்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாகத் தொங்கவிட்டான். பிறகு இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்துக் குளியலறை மூலையில் வைத்தான்.

நியூஜெர்சியின் ஐசலினில் குழாய்த் தண்ணீர் ஒரே ஒரு தடவைதான் நின்று அவன் பார்த்திருக்கிறான். மின்சாரம் எப்போதாவது புயலுக்குப் போகும், அவ்வளவுதான். வாளி நிறைப்பதும் முன்கூட்டியே தேய்ப்பதும் அவன் மனைவி ருமானாவின் வழக்கம். அவள் கராச்சியில் வளர்ந்தவள். அங்கே அவர்கள் வீடு கடிகாரத்தைப் பார்த்து நடக்கவில்லை, மின்சாரத்தைப் பார்த்து நடந்தது. விளக்கு எரிந்த அடுத்த நொடி ஒருவர் மோட்டாருக்கும் ஒருவர் இஸ்திரிப் பெட்டிக்கும் ஓட வேண்டும். இருபது வருடம் ஓடிய கால், நியூஜெர்சிக்கு வந்ததும் நின்றுவிடுமா?

அமெரிக்காவில் ஒரே கல்லூரியில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். அவனிடம்தான் தமிழ் கற்றாள். இந்த அப்பார்ட்மென்டுக்குக் குடிவந்த வாரம் அவன் கேலி செய்தான்.

"இங்கல்லாம் கரன்ட் போகாது, ருமானா."

"உங்களுக்கு கவர்ன்மென்ட் மேல இவ்ளோ நம்பிக்கையா? எனக்கு எந்த கவர்ன்மென்ட் மேலயும் கிடையாது."

அந்த அக்டோபரிலேயே புயல் வந்தது. மூன்று நாள் இருட்டு, குழாயும் நின்றது. மாடி வீட்டு ஜெயபிரகாஷ் காலி வாளியோடு இறங்கி வந்தான். 'கராச்சி ஜிந்தாபாத்' சொன்னால்தான் தண்ணீர் என்றாள் ருமானா. அவன் இரண்டு தடவை சொல்லி, இரண்டு வாளி வாங்கிப் போனான்.

இரண்டு வருடம் முன்பு, ஒரு மார்ச் காலையில், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவள் போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

ஒன்பது மணிக்கு ஜெயபிரகாஷ் வடையோடு வந்தான். அல்தாப் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். ஆஃபீஃபாவுக்கு இந்திய விசா. காயல்பட்டினத்தில் இருக்கும் அவன் உம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற முடியாது. பேத்தியைப் போனில் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. ஜூனில் பள்ளி விட்டதும் கூட்டிப்போக வேண்டும். அடுத்த வருடம் என்று தள்ளிப்போட உம்மாவின் உடம்பில் தெம்பு இல்லை.

படிவம் ஒரு கேள்வியில் நின்றது. பெற்றோரோ அவர்களுடைய பெற்றோரோ பாகிஸ்தான் குடிமக்களாக இருந்ததுண்டா?

'இல்லை' என்றால் ஒரு வாரத்தில் விசா வந்துவிடும். 'ஆம்' என்றால் வேறு படிவம், வேறு வரிசை, எத்தனை மாதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ருமானா இருந்தபோது ஒருமுறை அந்த வரிசையில் எட்டு மாதம் நின்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

"நோ போடு பாய்," என்றான் ஜெயபிரகாஷ். "சிஸ்டர் சிட்டிசன் ஆயிட்டாங்கல்ல? அமெரிக்கன்னு போடு, முடிஞ்சது."

"முன்னாடி என்னவா இருந்தாங்கன்னு கேக்குறான்."

"கேப்பான். யார் செக் பண்ணப்போறா? பாவம், அவங்களே இல்ல."

அடுத்த கட்டம் தாயார் பிறந்த ஊர். அல்தாப் அதை வாய்விட்டுப் படித்தான். மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"கராச்சி. எவ்ரிபடி நோஸ் தட்," என்றாள் ஆஃபீஃபா. கையில் பாதி வடை.

ஜெயபிரகாஷ் சிரித்துவிட்டான். "இவளை ஏர்போர்ட்ல வாயே திறக்க விடக்கூடாது பாய். இப்பவே சொல்லிக்குடுத்து வை. யாரு கேட்டாலும், அம்மா பொறந்தது பக்கத்து ஊரு எடிசன்."

"வொய்?" என்றாள் ஆஃபீஃபா. "மம்மா எடிசன் இல்லையே."

ஒரு பொத்தானை அழுத்துவது சின்ன வேலைதான். பிள்ளையை உட்காரவைத்து, உன் அம்மா அந்த ஊர் இல்லை என்று மனப்பாடம் செய்விப்பது வேறு வேலை. அதைச் செய்யும் தன்னை அல்தாப்பால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாகிஸ்தான் கேள்விக்கு 'ஆம்' என்பதை அழுத்தினான். படிவம் மூடிக்கொண்டது.

"போச்சு ஜூன்," என்றான் ஜெயபிரகாஷ். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி விடு. அந்த இன்னொரு ஃபார்ம் எடு. இன்னைக்கே அப்ளை பண்ணிரலாம். ப்ரின்ட்டர்ல இங்க் இருக்கா?"

அல்தாப் உம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"வர்றப்போ வாங்க வாப்பா," என்றாள் உம்மா. "நான் எங்க போவப்போறேன், வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரிக்குத்தானே. புள்ளைக்குத் தாயப் பத்தி ஒண்ணும் மறைக்காத."

பத்து மணிக்கு ருமானாவின் தாயார், அவன் அம்மி என்று அழைப்பவர், கராச்சியிலிருந்து வீடியோவில் வந்தார். அங்கே மாலை ஏழு. அவர்கள் உருதுவில்தான் பேசுவார்கள். அல்தாப்பின் உருது பாதி சினிமா, பாதி ருமானா.

"மூணு நாளா நெட் இல்லை பேட்டா, இப்பதான் வந்தது. ஏதோ ஊர்வலமாம். யார் யாரை எதிர்த்துன்னு கேட்டேன், ஊர்வலம் போறவனுக்கே தெரியலை. கரன்ட் எட்டு மணிக்குப் போயிடும், சீக்கிரம் பேசு."

விசா விஷயத்தைச் சொன்னான். அம்மி நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? இல்லைன்னு எழுதியிருக்கலாமே! நாங்க கோவிச்சுக்கப் போறோமா? அந்தக் கிழவி பேத்தியைப் பார்க்க வேண்டாமா? பிள்ளையைத் தூக்க முடியாம இருக்கிறது எப்படின்னு என்னைக் கேளு."

அவருக்கு அமெரிக்க விசா நேர்காணல் கிடைத்த தேதி, மகளை அடக்கம் செய்து பதினான்கு மாதம் கழித்து. இறுதித் தொழுகையான ஜனாஸாவைப் போனில்தான் பார்த்தார், அதுவும் பாதியில் நெட் போகும்வரை.

"ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கேன் அம்மி," என்றான் அல்தாப். "அது போதும்."

"என்ன பொய்?"

ருமானா இறந்த அன்று இரண்டு தாய்மாரும் இரண்டு மொழியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லித்தானே போனாள்? இரண்டு பேரிடமும் ஆமாம் என்றிருந்தான். இப்போது அம்மியிடம் உண்மையைச் சொன்னான். கலிமா சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் வாசல்வரை கொண்டுபோனபோது ஒருமுறை கண்ணைத் திறந்து, அவனைப் பார்த்து, ஒன்று சொன்னாள். அதுதான் கடைசி. அதையும் சொன்னான்.

அம்மி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தான். தோள் குலுங்கியது. சிரிப்பு.

"அது என் பேச்சு பேட்டா! தினம் நான் அவளைத் திட்டினது. அப்படியேவா சொன்னா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லாஹ் அதைக் கலிமாவாவே எடுத்துக்கட்டும். இன்னொரு தடவை சொல்லு. அவ சொன்ன மாதிரியே, உங்க தமிழ்ல சொல்லு."

அல்தாப் சொன்னான்.

"கிச்சன்ல லைட் எரியுது. கரன்ட் போகாதுன்னு அவ்ளோ திமிரா?"