இருபதுக்குப் பதினெட்டு

என் தொழில் தராசு ரிப்பேர். நாற்பது வருஷத்தில் நான் பார்த்த நேர்மையான தராசுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால், ஏழு மாசக் கர்ப்பத்தில் எடை ஏகத்துக்கும் கூடிவிட்டது, ரத்தத்தில் சர்க்கரையும் ஏறிக் கிடக்கிறது, இன்றே இன்சுலின் ஊசி ஆரம்பிக்கணும் என்று டாக்டரம்மா என் மகளிடம் சொன்னபோது, நான் எடை மெஷினைத்தான் பார்த்தேன். எடை சரி என்று சர்க்கார் அடிக்கிற முத்திரை இல்லை. அடியில் துரு.

"எடையே பொய். சர்க்கரை மட்டும் நிஜமா?" என்றேன் வீட்டுக்கு வந்து.

மகளுக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். என் பேச்சு அவளுக்கு வசதியாகப் போயிற்று. ஊசி டப்பா பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"மாமா, நீங்க என்ன டாக்டரா?" என்று மருமகன் கத்தினான். பஸ் ஓட்டுகிறவன், பேச்சே ஹாரன் மாதிரிதான்.

"உங்க பஸ்ல வேகம் காட்டுற முள்ளு வேலை செய்யுதா, மாப்பிள்ளை?"

"இல்ல."

"அப்ப சும்மா இருங்க."

மூன்று நாள் போயிற்று. மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எழுந்து எழுந்து பாத்ரூம் போனாள். "வெயிலு அப்படி" என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. எனக்கும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தராசைச் சரிபார்க்கிற சோதனைக் கல் நாலையும் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

நாலாம் நாள் காலையில் கல்லையும் மகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா தடுப்பதற்குள் கல்லை மெஷின் மேல் அடுக்கிவிட்டேன்.

"பெரியவரே, இது என்ன காய்கறிக் கடையா?"

"அஞ்சு கிலோ கல்லு நாலு. முத்திரை இருக்கு, பாத்துக்கங்க. இருபது காட்டணும்."

முள் ஆடி நின்றது. பதினெட்டு.

"பாத்தீங்களா, தப்பு!" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். மகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அப்ப நான் அவ்வளவு குண்டு இல்ல, இல்லப்பா?"

நர்ஸம்மா முள்ளைக் குனிந்து பார்த்தாள். "தப்புதான். எந்தப் பக்கம் தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

நானும் குனிந்து முள்ளைப் பார்த்தேன். கூடவா குறைச்சலா என்று பார்க்காமல் எந்தக் கடைத் தராசிலும் நான் கை வைத்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு மட்டும் பார்க்கவில்லை.

"அப்பா?"

"குறைச்சுக் காட்டுதும்மா. நீ இன்னும் கூடுதல்."

சிரிப்பு அணைந்தது. நர்ஸம்மா சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினை எடுத்தாள்.

"முதல்ல என் விரல்ல குத்துங்க" என்றேன். எனக்கு நூற்றி எட்டு. மகளுக்கு இருநூற்றி நாற்பது. பக்கத்து அறையிலிருந்து வேறொரு மெஷின் கொண்டுவரச் சொன்னேன். இருநூற்றி முப்பத்தாறு. ஊசி டப்பாவைப் பிரிக்கவே இல்லை என்று மகள் ஒப்புக்கொண்டாள்.

"நாலு நாளா ஊசியே போடலையா? குழந்தை என்னத்துக்கு ஆகும்?" என்று நர்ஸம்மா டாக்டரம்மாவுக்கு போன் போட ஓடினாள்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு நர்ஸம்மா ஊசியில் மருந்தை இழுத்தாள்.

"எங்கப்பா பாக்கட்டும்" என்றாள் மகள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

ஊசியை வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்து எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணினேன்.

"சரியா இருக்காப்பா?"

"சரியா இருக்கு."

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.