இடப்பக்கக் கதவு

கதவைச் சாத்தினால் கீழ்ப்பக்கம் ஒட்டியது. மேல்மூலை விரலளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இம்மானுவேல் கீலைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தான், அப்போதும் அப்படித்தான். மூக்கு நீண்ட பழைய லாரி அது. கம்பெனிக் கதவு எங்கும் கிடைக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் அவனோடு சேர்ந்து ஷெட் நடத்தும் ரகு, யாரோ வெளியில் அடித்துக் கொடுத்த கதவை வாங்கி வந்திருந்தான். தகடு மெல்லிசு. கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழுந்தது.

“இது இந்த வண்டிக்கு அடிச்சதே இல்லடா. வேற பாத்து எடுத்துக்கினு வா.”

“எங்க போய்ப் பாக்க சொல்ற? ரெண்டு தட்டு தட்டு, ஒக்காந்துக்கும். லாரிக்கார அண்ணன் இன்னிக்கு வராரு.”

இம்மானுவேல் தட்டினான். சட்டத்தை நெம்பி, மூலையை மடக்கி, பூட்டு நாக்கை அரத்தால் ராவி உள்ளே தள்ளினான். கதவு சாத்திக்கொண்டது. திறக்கும்போது மட்டும் முனகியது. அது நல்ல சத்தமில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியே விட்டுவிட்டான்.

மத்தியானம் லாரிக்காரர் சடையப்பன் வந்தார். அதிகம் பேசாதவர். பெயிண்டைப் பற்றியோ இன்ஜினைப் பற்றியோ ஒருநாளும் கேட்டதில்லை. வரும்போதெல்லாம், “இடப்பக்கக் கதவு நல்லா தொறக்கணும்பா” என்று மட்டும் சொல்வார். இன்றும் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

பிறகு அது திறக்கவில்லை. லாரியின் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் அந்தக் கதவையும் திறக்க முடியாது. ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கக் கைப்பிடி இன்னும் மாட்டவில்லை.

“இம்மானு, தொறப்பா” என்றார் மெதுவாக.

அவன் இழுத்தான். வெளிப்பிடி கையோடு வந்துவிட்டது. அடுத்த நொடி உள்ளிருந்து அறைய ஆரம்பித்தார். கையால், முட்டியால், நெற்றியால். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் இம்மானுவேல் அறிந்த முகமாக இல்லை. முழங்கை பட்டுக் கண்ணாடி உடைந்தது. ரத்தம் புதுப் பெயிண்டில் வழிந்தது. ரகு கடப்பாரை கொண்டுவர, இருவரும் நெம்பித் திறந்தார்கள்.

இறங்கியவர் கடப்பாரையைப் பிடுங்கி ஓங்கினார். இம்மானுவேல் கையைத் தூக்கித் தடுத்தான். வலிக்கும் முன் எலும்பு முறியும் சத்தம்தான் கேட்டது. விழுந்தவனின் விலாவில் கடப்பாரை மறுபடி இறங்கியது.

“ஞானம்மாவும் இப்டித்தாண்டா தட்னா. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சி. என் பொண்டாட்டிடா. நான் வெளிய நின்னு கதவ இஸ்துக்கினே இருந்தேன்.”

இது பொன்னேரிப் பக்கம் கால்வாயில் கவிழ்ந்த வண்டி என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருந்தது தெரியாது.

ரகு பின்னாலிருந்து வீல் ஸ்பேனரால் அவர் தலையில் அடித்தான். சடையப்பன் மண்டியிட்டார். ரகு மறுபடி ஓங்கினான்.

“வேணாண்டா” என்றான் இம்மானுவேல், தரையில் கிடந்தபடி. “அந்தக் கதவ தட்டி ஒக்கார வச்சது நான்தான்.”

ஸ்பேனர் மெல்லத் தாழ்ந்தது. சடையப்பன் எழுந்து கதவிடம் போனார். கடப்பாரையால் அடித்தார். தகடு கிழிந்து, கீல் பிய்ந்து, கதவு மண்ணில் விழுந்த பிறகும் அடித்தார். பக்கத்துப் பட்டறை ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

ஓய்ந்ததும் லாரியில் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தார். காதோரம் வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் ஊறியது. கதவில்லாத வாசல் வழியாக ஒரு காலை வெளியே நீட்டிப் படியில் வைத்தார். உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.