ஒண்ணுமில்லீங்க

திரையில் சாம்பல் நிறமாக ஏதோ அசைகிறது, அசைவது குழந்தையல்ல, கோகிலவாணியின் வயிற்றின்மேல் டாக்டரம்மா நகர்த்தும் கருவிதான், அது புரியாமல் சென்னியப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஐந்தாம் மாதம், நேத்திருந்து அசைவே தெரியலீங்க என்று மனைவி சொன்னதால் அழைத்து வந்திருந்தான், டாக்டரம்மா வெகுநேரம் தேடிவிட்டு மெதுவாகச் சொன்னார், ஒண்ணுமில்லீங்க. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பாத்தியா, ஒண்ணுமில்லீன்னுட்டாங்க, நீ சும்மா பயந்துக்கிட்டே என்று அவள் தோளைத் தட்டிச் சிரித்தான், கோகிலா சிரிக்கவில்லை, துடிப்பு இல்லீங்க சார் என்று டாக்டரம்மா மறுபடி சொல்லவேண்டியிருந்தது. கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிற ஆள், வெற்றுக்கணம் வேறு, பூஜ்யம் வேறு என்று பிள்ளைகளைப் படாதபாடு படுத்துகிறவன், குறை ஒன்றுமில்லை என்பதற்கும் உயிர் ஒன்றுமில்லை என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அந்தச் சிரிப்பு அவனை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, கனவிலும் சிரிக்கிறான், கனவில் அது ஈரோட்டு வீட்டு மொட்டைமாடி, கல்யாணமான புதிது, அவன் ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான், கோகிலா வடகம் பிழிந்துகொண்டே கேட்கிறாள், ஏனுங்க மாமா, அஞ்சு மாங்காயப் பாத்திருக்கறேன், அஞ்சு வெரலப் பாத்திருக்கறேன், வெறும் அஞ்ச ஆராச்சும் பாத்திருக்காங்களா. அவன் கட்டுரையே அதுதான், எண்ணுக்கு உடம்பில்லை, இடமில்லை, அது நம்மைத் தொடாது, நாமும் அதைத் தொடமுடியாது, பிறகு எப்படித்தான் அதை அறிகிறோம். பாக்கோணும்னு இல்ல புள்ள, நெனச்சாலே போதும், ஒருத்தரும் பாக்காட்டியும் அஞ்சு இருக்கும் என்றான், பெரிய இவன் போல, சொல்லும்போதே மாடி ஆஸ்பத்திரி நடையாகிவிடுகிறது, வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு ஆயாம்மா நிற்கிறாள், பாக்கறீங்களா சார் என்கிறாள், அன்றைக்கு நிஜத்தில் செய்ததுபோலவே அவன் வேண்டாமென்று தலையாட்டுகிறான், பார்த்தால் அது பிள்ளையாகிவிடும், பார்க்காவிட்டால் இல்லையென்றே ஆகிவிடும் என்று நம்பினான், எழுதிய கட்டுரைக்கு நேர்மாறாக, கோழை.

இப்போது கனவில்லை, வேறு ஆஸ்பத்திரி, அடுத்த பிரசவம், கோகிலாவுக்கு இடுப்புவலி விட்டுவிட்டு வருகிறது, எத்தனாவது கொழந்தைங்க என்று நர்ஸ் கேட்கிறாள், மொதல்ங்க என்று அவன் முந்திக்கொள்கிறான். கோகிலா வலியோடு வலியாகத் தலையைத் திருப்பினாள். ஏனுங்க, ஆரும் பாக்காத அஞ்சு உங்களுக்கு இருக்குது, நாஞ் சுமந்த ஒண்ணு இல்லாமப் போச்சுங்களா. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான், ரெண்டாவதுங்க என்று திருத்தினான். அப்படீங்களா, மொதக் கொழந்தை எங்கீங்க இருக்குது, நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள். எண்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும் மாணவர்களிடம் அது கேட்கக்கூடாத கேள்வி என்று மழுப்புகிறவன் வாயைத் திறந்தான், பொட்டலத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை அவன் கேட்டிருக்கவில்லை. கோகிலாவும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் இத்தனை நாள் அதைத்தான் கேட்காமல் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.