சுவரில் பத்து விரல்

ஓசூருக்கு வேலைக்கு வந்து நான்கு வருடமாகியும் அருணாவுக்கு ஊர் தெரியாது. விடுதி வாசலில் கம்பெனி பஸ் ஏறுவாள், சிப்காட்டில் இறங்குவாள். ஷிப்ட் முடிந்தால் அதே பஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊருக்குப் போகும் அஞ்செட்டி பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த பஸ்ஸில் போனால் திரும்பிவர நேரமிருக்காது. அறைத்தோழி ஆஃப்ஷீனுக்குப் போன் போட்டாள்.

"நடந்தே ஊரச் சுத்திப் பாக்கலாமா?"

"இந்த வெயில்ல என்னாத்துக்குக்கா?" என்று கேட்டாலும், ஆஃப்ஷீன் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கன்னடப் பாட்டு அலறிய செல்போன் கடைகளையும், தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்த பூக்காரிகளையும் தாண்டி, ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பியபோது அந்த நீளமான சுவர் தெரிந்தது. மயில், மாம்பழக்கூடை, அல்லி பூத்த ஏரி, அதில் அன்னங்கள் என்று சுவர் முழுக்க ஓவியம்.

"ஐய்! எவ்ளோ அழகா இருக்குது பாருங்கக்கா!"

கிட்டே போனதும் நாற்றம் முகத்தில் அடித்தது. சுவரை ஒட்டிய சாக்கடை கறுத்து நுரைத்துக் கிடந்தது. கோழிக்கடைக் கழிவு மூட்டை வெடித்து, குடல்மேல் ஈ மொய்த்தது. நீல ஏரியின் கரையில் ஒருவன் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். பெண்கள் வருவதைப் பார்த்தும் அவன் நகரவில்லை. அன்னத்தின் கழுத்து வழியே மஞ்சளாக வழிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்த அருணா, கடைசிப் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

நீலச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், வாய் நிறையச் சிரிப்பு. அவளோடு வேலை பார்த்த ருக்மணிதான். இரண்டு கைகளாலும் ஒரு கொத்து ரோஜாவை ஏந்தியிருந்தாள். 'பாதுகாப்பே எங்கள் பெருமை' என்று எழுதி, கீழே கம்பெனி பெயரும் போட்டிருந்தது. அவள் கன்னத்தில் யாரோ துப்பிய பாக்கு எச்சில் சிவப்பாகக் காய்ந்திருந்தது.

போன வருடம் ருக்மணியின் வலது கையில் மூன்று விரல்களைப் பிரஸ் மெஷின் நசுக்கிவிட்டது. பக்கத்து மெஷினில் நின்றிருந்தவள் அருணா. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் அணைத்து வைத்திருந்தார். அது லைனில் எல்லோருக்கும் தெரியும். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று சொல்லி ருக்மணியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுவர்க்கோடியில் ஏணிமேல் நின்று ஓர் ஓவியர் பூவுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். ஹரீஷ்குமார் என்று பெயர் சொன்னார்.

"இந்தப் படம் எப்பிடிண்ணா வரைஞ்சீங்க?"

"கம்பெனியில போட்டோ குடுத்தாங்கம்மா. ஏதோ பரிசு வாங்குன போட்டோவாம்."

"கை?"

"போட்டோல கை தெரியல. நெட்ல வேற யாரோட கையையோ பாத்துப் போட்டன். ஏன், சரியா வரலியா?"

சாக்கடை நாற்றத்தைவிடப் படத்திலிருந்த அந்தச் சிரிப்புதான் அருணாவுக்கு அதிகம் குமட்டியது. படம் எடுத்து ருக்மணிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்து, கடைசியில் அனுப்பினாள்.

"வர்றன்" என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு நாகரசம்பட்டியிலிருந்து ருக்மணி வந்து இறங்கினாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். சுவருக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எச்சில் கறையைக் கைக்குட்டையால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடுக்கா, கருமம்! எவன் துப்புனதோ!" என்றாள் அருணா.

"என் மூஞ்சிடி அது."

கறை போனதும் ரோஜாவைப் பிடித்திருந்த கையை உற்றுப் பார்த்தாள். "நெகம்லாம் வளத்து வெச்சிருக்கறா பாரு. இப்பிடி நெகத்தோட போனா லைன்ல நிக்க உடுவாங்களா?" என்றாள். சிரிக்கப்போகிறாள் என்றுதான் அருணா நினைத்தாள். ஆனால் ருக்மணி, "த்தூ!" என்று கம்பெனி பெயர்மேல் துப்பினாள். பிறகு தலைப்பை விலக்கி, இரண்டு விரல் மட்டும் மிஞ்சிய தன் வலது கையைச் சுவரிலிருந்த கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"எடு போட்டோ. எல்லாருக்கும் அனுப்பு."

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் படம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாளே ஆட்கள் வந்து ருக்மணி படத்தின்மேல் மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் அன்புமணி அருணாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உனக்கு ஏம்மா இந்த வேலை? கம்பெனி பேரு கெட்டா உன் சோறும்தான போவும்?"

சென்சாரை அணைத்த விரல் மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அருணா அதையே பார்த்தாள். பிறகு திரும்பித் தன் மெஷினுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஆப்பிள் பையோடு நாகரசம்பட்டிக்குப் போனார்கள். ருக்மணி கதவை மறித்து நின்றாள்.

"சென்சாரை நீங்கதான் நிறுத்தி வெச்சீங்கன்னு எழுதிக் குடுங்க. அப்புறம் உள்ள வாங்க."

அவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அதை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டாள். அன்று மாலை அருணாவுக்குப் போன் செய்தாள்.

"கிருஷ்ணகிரியில ஒரு வக்கீலம்மாவைப் பாத்தன். கேசு போடலாம்ங்கறாங்க. பக்கத்து மெஷின்ல இருந்தவங்க சாட்சி வேணுமாம். உனக்கு வேலை போயிருமேன்னுதான் யோசிக்கறன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆஃப்ஷீனை அருணா பார்த்தாள். 'போ' என்பதுபோல் ஆஃப்ஷீன் தலையாட்டினாள்.

"யோசிக்காதக்கா. என்னிக்கு வரணும்னு சொல்லு," என்றாள் அருணா.