நான் எண்ணிய விநாடிகள்

நாற்பத்தொரு நாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அப்பா ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து, எதையும் பிடிக்காமல் நின்றதை மொத்தம் எண்பத்திரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். எண்ணுவது என் வேலை. விழுவதற்குள் பிடிப்பதும் என் வேலை.

அப்பா பெயின்டர். இரண்டு வருடமாக நடை தள்ளாடுகிறது. பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறார் என்று கடைசியாக வேலை பார்த்த வீட்டில் அனுப்பிவிட்டார்கள்.

"குடிச்சிருந்தா நேரா நடந்திருப்பேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்தார்.

பரம்பரை நோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. அதை நிறுத்த மருந்து இல்லை, பயிற்சி மட்டும்தான். செத்துப்போன பெரியப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்க வேண்டும். அவரைக் கடைசிவரை குடிகாரர் என்றே நினைத்திருந்தோம்.

பிள்ளைகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. அண்ணன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவே வரவில்லை. ஆனால் பைக்கை ஸ்டாண்ட் போடும்போது இரண்டு தடவை கீழே சாய்த்துவிட்டான். சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகிறது. சீக்கிரம் பயிற்சியை ஆரம்பித்தால் கொஞ்ச வருடம் கூடுதலாக நடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"மொதல்ல அப்பா பதினஞ்சு விநாடி நிக்கட்டும். மறுநாளே வர்றேன்."

"சத்தியமா?"

"எழுதிக் குடுக்கணுமா? போ, லூசு."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னான்.

நான் குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் அங்கே மன்னிப்பு கிடையாது. நான் மாற்றியதுமில்லை.

வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அப்பா மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் கோடு போட்டிருந்தார். அதன் மேல்தான் நிற்பார். ஒன்பதாம் நாள் காலையில் அவர் சாயத் தொடங்கியதும் நான் பதறி வேகமாக எண்ணிவிட்டேன். பத்தில் முடிந்தது.

"பத்தா? நேத்து ஆறுதானே?"

அவர் முகத்தை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் குறைத்துச் சொன்னால் மனசு விட்டுவிடுவார். அதனால் அன்றும் பத்து. அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு. என் கைக்கடிகாரம் வேறு எண்ணைக் காட்டியது. அதை நான் மட்டும் பார்த்தேன். டேப் பிய்ந்து அப்பா புதிதாக ஒட்டியபோது கோடு வளைந்து போனது. அதையும் நான் மட்டும்தான் பார்த்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள் மாலை அப்பா அடுத்த அறையைப் பார்த்துக் கத்தினார். "டேய், பதினாறு! வாக்கு மாறாதடா!"



"சரி, சரி. நாளைக்கு வர்றேன்" என்றான் அண்ணன்.

இன்று காலை மூன்று பேரும் போனோம். பயிற்சி அறையில் பிடித்து நடக்க இரண்டு இணைகம்பிகள், ஒரு நீளக் கண்ணாடி, நீல விரிப்பு. அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றான். ஷூவைக் கழற்றவில்லை.

"டாக்டரம்மா, என் பொண்ணுதான் எண்ணணும். அவ குரல் கேட்டாத்தான் எனக்குக் கால் நிக்கும்."

"நான் டாக்டர் இல்லன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்று பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். "சரி, அவங்க எண்ணட்டும். நான் ஸ்டாப்வாட்ச்ல பாத்துக்கறேன்."

அப்பா பாதங்களை ஒட்டி வைத்துக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கணுக்கால் நடுங்கியது. கண்ணாடியில் அண்ணன் தெரிந்தான். அப்பாவின் காலை அல்ல, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணினேன். மூச்சு விடாமல், நடுநடுவே எண்களை விழுங்கி எண்ணினேன்.

"பதினாறு" என்று நான் சொல்லவும் அப்பா கம்பியில் விழுந்து பிடிக்கவும் சரியாக இருந்தது.

"பாத்தியாடா?" வியர்வையோடு சிரித்தார்.

அண்ணன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தான். ஷூ லேஸின் முடிச்சை அவன் விரல்கள் இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை பிடித்தன. ஒரு ஷூவைக் கழற்றினான்.

பிசியோதெரபிஸ்ட் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப சாரத்துல ஏறலாம்ல?" என்றார் அப்பா. "கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை வேலை. மூணாவது மாடி, வெளிச்சுவர்."

"யார்கிட்டயும் கேக்காம எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"அதான் பதினாறு நிக்கறேனே. ஏம்மா, நீ சொல்லு."

அண்ணன் அடுத்த ஷூவில் கை வைத்தபடி நிமிர்ந்தான். பிசியோதெரபிஸ்ட் மறுபடி வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நாலுப்பா" என்றேன். "வீட்லயும் இப்ப நாலுதான். மொத நாள் ஏழு நின்னீங்க."